ஏர்லைன் கேப்டனிடம் செஸ்னா என்ற சின்ன விமானம் ஓட்டக் கற்கப் போகிறீர்களா? முதலில் அவர் காலைப் பாருங்கள்

அமெரிக்காவில் பைலட் பயிற்சிக்குச் சேருபவர்கள், பல்லாயிரம் மணி நேரம் பறந்தவர் என்றதும் மயங்கிப் பணம் கட்டிவிடுகிறார்கள். அதில் பெரும்பகுதி ஆட்டோபைலட் ஓட்டியது. 2013 ஜூலை 6 அன்று, சான் பிரான்சிஸ்கோவில் வானம் தெளிவாக இருந்தபோதே, இன்ஜின் பவரைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ த்ராட்டில் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிய ஏசியானா 777 விமானிகள் 137 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) இருக்கவேண்டிய வேகத்தை 103 வரை விழவிட்டார்கள். வால் கடல் தடுப்புச்சுவரில் இடித்து 3 பேர் இறந்தார்கள். கையால் ஓட்டும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள் என்று அந்த ஜனவரியில்தான் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ. ஏர்லைன்களுக்குச் சொல்லியிருந்தது.

முதலில் சிஎஃப்ஐ (விமானப் பயிற்றுநர்) சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள், ஏர்லைன் லைசென்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு உங்களுக்குச் சொல்லித்தர முடியாது. கடைசியாகச் சின்ன விமானம் ஓட்டியது எப்போது என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

அப்புறம் ஒரே ஒரு பாடத்துக்கு மட்டும் பணம் கட்டி, அவரை ஓட்டச் சொல்லி வேடிக்கை பாருங்கள். ஜெட்டில் மூக்கு பக்கவாட்டில் ஆடாமல் தானே பார்த்துக்கொள்ளும் யா டேம்பர் இருப்பதால் கால் சோம்பேறியாகிவிடும். செஸ்னா 172-இல் முழு பவரில் ஏறும்போது மூக்கு இடப்பக்கம் இழுக்கும், வலது ரட்டரை (வால் சுக்கானைத் திருப்பும் கால் பெடலை) மிதித்தே ஆகவேண்டும். விமானம் பக்கவாட்டில் சறுக்குவதைக் காட்டும் கருவியில் உள்ள பந்து வலப்பக்கம் ஒதுங்கிக் கிடந்தும் அவர் கண்டுகொள்ளவில்லையா, வேறு ஆளைப் பாருங்கள்.

இறங்கும்போது இன்னும் தெளிவாகத் தெரியும். 777 தரையைத் தொடும்போது கேப்டனின் கண் இரண்டு மாடி உயரத்தில் இருக்கும், செஸ்னாவிலோ கிட்டத்தட்ட ரன்வேயிலேயே உட்கார்ந்திருப்பது மாதிரி. பழைய பழக்கத்தில் சீக்கிரமே மூக்கைத் தூக்கி, வேகம் போய், தொப்பென்று விழுந்தால் காரணம் இதுதான். தானே சிரித்துவிட்டு அடுத்த முறை திருத்திக்கொண்டால் சரி, காற்றைக் குறை சொன்னால் சரியில்லை. இன்ஜின் நின்றால் என்ன செய்வார் என்று பார்க்க, நல்ல உயரத்தில் த்ராட்டிலை மூடிக் காட்டச் சொல்லுங்கள்: 172எஸ் ரகம் என்றால் 68 நாட் பிடித்து, இறங்க ஒரு வயலைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் செக்லிஸ்ட்டைத் தொடவேண்டும்.

எல்லாரும் இப்படி என்றில்லை. 1983-இல் எரிபொருள் தீர்ந்த 767-ஐ கனடாவின் கிம்லியில் சைட்ஸ்லிப் போட்டு (பக்கவாட்டில் சாய்த்துச் சறுக்கி) இறக்கிய கேப்டன் பாப் பியர்சன், இன்ஜின் இல்லாத கிளைடர் ஓட்டிப் பழகியவர். அதனால் கிளைடர், டெயில்வீல் (வாலில் சக்கரம் உள்ள விமானம்) அனுபவம் உள்ள கேப்டன் கிடைத்தால் விடாதீர்கள். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சிக்கு, ரேடியோவுக்கு, மேகத்தைப் பார்த்து 'இன்று வேண்டாம்' என்று சொல்வதற்கு, என் கணக்கில் இவர்களை மிஞ்ச ஆளில்லை.

ரோஸ்டரையும் கேட்டுவிடுங்கள், மூன்று வாரத்துக்கு ஒரு முறைதான் வருவார் என்றால் போன பாடமே உங்களுக்கு மறந்திருக்கும்.