பழைய லேத்தில் டிரைவ் பொருத்துவோர் பேக் கியரைக் கைவிட வேண்டாம்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துச் சிறு பட்டறைகளில், ஸ்டெப் புல்லியில் (படிப்படியான விட்டங்கள் கொண்ட கப்பியில்) பெல்ட்டை மாற்றி மாற்றி ஓட்டும் பழைய லேத்துக்கு (கடைசல் இயந்திரத்துக்கு), மோட்டாரின் வேகத்தை மாற்றித் தரும் வி.எஃப்.டி. எனும் மின்னணு டிரைவைப் பொருத்தினால் வேலை எளிதாகும். ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அறிந்த பிறகே பொருத்த வேண்டும்.

மின்வாரியம் தரும் 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மும்முனை மின்சாரத்தை டிரைவ் முதலில் டி.சி.யாக்கிக் கெப்பாசிட்டரில் தேக்கி, நாம் கேட்கும் ஹெர்ட்ஸில் (அலைவெண்ணில்) மீண்டும் மும்முனையாக மாற்றித் தருகிறது. நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டார் 25 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 700 சுற்று ஓடும். வோல்ட்டும் அதே விகிதத்தில் குறைவதால் முறுக்குவிசை மாறாது. குதிரைத்திறன் மட்டும் பாதியாகிவிடும்.

பலரும் சறுக்குவது இங்கேதான். எங்கள் பட்டறையில் 2 எச்.பி. மோட்டாரை 8 ஹெர்ட்ஸில் ஓடவிட்டு 250 மி.மீ. வார்ப்பிரும்பு ஃபிளாஞ்சைக் கடைந்தபோது, கட் சற்று ஆழமானதுமே, வேலைத்துண்டைப் பிடித்துச் சுழலும் சக் நின்று, டிரைவ் ஓவர்லோட் காட்டியது. சுற்றைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டும் பல்சக்கர இணைப்பான பேக் கியரைப் போட்டு 40 ஹெர்ட்ஸில் ஓட்டினோம். சக்கின் சுற்று ஏறத்தாழ முன்பு இருந்ததுதான், ஆனால் அதே கட் தடங்கலின்றி இறங்கியது. மேலும், மோட்டாரின் விசிறி அதன் தண்டிலேயே இருப்பதால், குறைந்த ஹெர்ட்ஸில் நெடுநேரம் ஓட்டினால் காற்றின்றி மோட்டார் சூடாகும். ஆகவே 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெல்ட்டையும் கியரையும் நம்புவதே நல்லது.

வயரிங்கில், டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே பழைய ரிவர்ஸ் சுவிட்சை விட்டுவைக்கக் கூடாது. ஓடும்போது அதைத் திருப்பினால் டிரைவ் எரிந்துபோகலாம் என்பதால், அதன் வயர்களை டிரைவின் கன்ட்ரோல் டெர்மினலுக்கு மாற்ற வேண்டும். ஒருமுனை மின்சாரம் மட்டும் உள்ள இடத்தில், 230 வோல்ட் டிரைவ் 230 வோல்ட்தான் தரும்; எனவே 415 வோல்ட் ஸ்டார் இணைப்பு மோட்டாரில் சுருள்களின் ஆறு முனைகளும் வெளியே வந்திருந்தால்தான், குறைந்த வோல்ட்டுக்கு ஏற்ற டெல்டா இணைப்பாக மாற்றி ஓட்ட முடியும். இரும்புச் சீவலும் கூலன்ட்டும் புகாத பெட்டியில் டிரைவை வைத்து, எர்த்தைத் தவறாமல் இணைக்கவும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவுக்கு வோல்ட் இருக்குமாதலால், கையேடு சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

மோட்டார் தகட்டிலுள்ள ஆம்பியரை டிரைவில் பதிவதோடு, மோட்டார் ஓட்டத்திலிருந்து நிற்க எடுக்கும் நேரத்தைச் சில நொடிகளாவது வைக்கவும். மரையில் திருகி மாட்டும் சக் உள்ள லேத்தில் சட்டென்று பிரேக் போட்டாலோ ரிவர்ஸ் எடுத்தாலோ, சக் கழன்று லேத்தின் அடித்தளமான பெட்டின் மேல் விழக்கூடும்.

மரை வெட்டும்போது, டூலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலோடு கியரால் பிணைந்திருப்பதால், வேகத்தை மாற்றினாலும் பிட்ச் (மரைகளின் இடைவெளி) மாறாது. ஆனால் மெதுவாக நிற்குமாறு டிரைவை அமைத்திருந்தால், வேலைத்துண்டின் தோளுக்கு (விட்டம் பெரிதாகும் இடத்துக்கு) முன்பே டூலைப் பின்னிழுத்துவிட வேண்டும்.