ஆஸ்திரேலியத் திறன் விசா: உங்கள் புள்ளிகளை நீங்களே கூட்டிப் பார்ப்பது எப்படி?

காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் செவிலியர் படிப்போ பொறியியலோ முடித்துவிட்டு ஆஸ்திரேலியாவில் குடியேற விரும்பும் பலர், தமக்கு எத்தனை புள்ளிகள் தேறும் என்று பார்க்காமலே முகவரிடம் முன்பணம் கட்டிவிடுகிறார்கள். 189 (பரிந்துரை இல்லாமல் பெறுவது), 190 (மாநிலப் பரிந்துரையுடன் பெறுவது), 491 (வட்டாரப் பகுதிகளுக்கானது) ஆகிய மூன்று திறன் விசாக்களுக்கும் புள்ளி அட்டவணை ஒன்றுதான் என்பதால், தாளும் பேனாவும் இருந்தால் அரை மணி நேரத்தில் நீங்களே கணக்கிட்டுவிடலாம்.

முதலில், உங்கள் தொழில் அந்நாட்டின் தொழில் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அத்தொழிலுக்குரிய அமைப்பிடம் திறன் மதிப்பீடு பெற வேண்டும். செவிலியருக்கு அன்மாக், கணினித் துறையினருக்கு ஏசிஎஸ்.

அடுத்தது வயது. 18 முதல் 24 வரை 25 புள்ளிகள், 25 முதல் 32 வரை 30, 33 முதல் 39 வரை 25, 40 முதல் 44 வரை 15. அழைப்பு வரும் நாளன்று உள்ள வயதே கணக்கில் சேரும் என்பதால், 33ஆம் பிறந்தநாளை நெருங்குபவர்கள் சில மாதத் தாமதத்திலேயே 5 புள்ளிகளை இழக்கிறார்கள். 45 ஆகிவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும்.

ஆங்கிலத்துக்கு, ஐஇஎல்டிஎஸ் தேர்வின் நான்கு பகுதிகளிலும் 7 எடுத்தால் 10 புள்ளிகள், 8 எடுத்தால் 20. குறைந்த காலத்தில் அதிகம் கூட்டக்கூடிய இடம் இதுவே என்பது என் உறுதியான கருத்து. தமிழ்-ஆங்கிலம் மொழிபெயர்ப்புக்கான நாட்டி சிசிஎல் தேர்வில் தேறினால் இன்னும் 5 கிடைக்கும். நம் தாய்மொழிக்கே புள்ளி உண்டு என்பதை இங்கே பலரும் அறிந்திருப்பதில்லை.

இளநிலை அல்லது முதுநிலைப் பட்டத்துக்கு 15, முனைவர் பட்டத்துக்கு 20.

அனுபவத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கடந்த 10 ஆண்டுகளுக்குள், உங்கள் தொழிலிலோ அதற்கு நெருக்கமான தொழிலிலோ, வாரத்துக்குக் குறைந்தது 20 மணி நேரம் ஊதியம் பெற்றுச் செய்த வேலை மட்டுமே சேரும். ஆஸ்திரேலியாவுக்கு வெளியே 3 ஆண்டுகள் முடிந்தால் 5 புள்ளிகள், 5 ஆண்டுகளுக்கு 10, 8 ஆண்டுகளுக்கு 15. வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறாமல் ரொக்கமாக வாங்கிய ஆண்டுகளை மெய்ப்பிப்பது கடினம் என்பதால், பணி விவரங்களுடன் கூடிய அனுபவச் சான்றிதழ், படிவம் 16, பிஎஃப் பதிவு ஆகியவற்றை இப்போதே திரட்டத் தொடங்குங்கள்.

மணமாகாதவருக்கு 10 புள்ளிகள். துணைவருக்கு ஆங்கிலத் தேர்ச்சி மட்டும் இருந்தால் 5, உரிய திறன் மதிப்பீடும் இருந்தால் 10.

வேலூர் மருத்துவமனை ஒன்றில் 5 ஆண்டுகள் பணியாற்றிய, 31 வயதான, பி.எஸ்சி. நர்சிங் முடித்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயதுக்கு 30, பட்டத்துக்கு 15, அனுபவத்துக்கு 10, ஆங்கிலத்தில் 7 எடுத்ததற்கு 10, கணவரின் ஆங்கிலத்துக்கு 5 என மொத்தம் 70. ஆங்கிலத்தில் 8 எடுத்தால் அது 80 ஆகும். மாநிலப் பரிந்துரை 190 விசாவுக்கு 5 புள்ளிகளும், வட்டாரப் பகுதிகளுக்கான 491 விசாவுக்கு 15 புள்ளிகளும் சேர்க்கும்.

விண்ணப்பிக்கக் குறைந்தது தேவைப்படும் 65 புள்ளிகள் வாசற்படி மட்டுமே. ஆஸ்திரேலிய அரசின் ஸ்கில்செலக்ட் இணையதளத்தில் விருப்ப மனு அளித்தவர்களுள் கூடுதல் புள்ளி பெற்றவர்களுக்கே முன்னுரிமை. மனுவுக்குக் கட்டணமில்லை. ஆனால் அழைப்பு வந்தபின் விண்ணப்பிக்க 60 நாட்கள்தான் உண்டு. கல்லூரிச் சான்றிதழில் முன்னெழுத்தாகவும் பாஸ்போர்ட்டில் விரிவாகவும் உள்ள தந்தை பெயரைப் பற்றிய விளக்க உறுதிமொழியை, மனு அளிக்கும் முன்பே தயார் செய்துகொள்ளுங்கள்.