கரி யார்டைச் சீரமைப்பதும் கடைசியில் நிலத்தை மீட்பதும்

எண்ணூரிலோ கிருஷ்ணபட்டினத்திலோ இறங்கும் நிலக்கரி, கும்மிடிப்பூண்டி, தடா பக்கத்து ஆலைகளுக்கு டிப்பரில் வந்து சேர்கிறது. அங்கே "இப்போதைக்கு இருக்கட்டும்" என்று போட்ட யார்டுதான், அதாவது கரியைக் குவித்து வைக்கும் திடல்தான், இருபது வருடம் ஓடும். சீரமைக்கும்போதே ஒன்றை மனதில் வையுங்கள்: இன்று ஊற்றும் கான்கிரீட்டை ஒருநாள் உடைக்கப் போவதும், இன்று மண்ணில் கலக்கும் கரியை ஒருநாள் சுரண்டப் போவதும் அதே ஆலைதான்.

மெஷின் விலை கேட்பதற்கு முன் ஒரு மழை நாளில் யார்டைச் சுற்றி நடங்கள். கரி எங்கே சிந்துகிறது, எங்கே புகைகிறது, கறுப்புத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வரைபடத்தில் குறியுங்கள். செலவு செய்ய வேண்டிய இடங்கள் அவைதான். புது கிரஷர் பிறகு.

பெல்ட்டின் கொள்ளளவு

கரியைக் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டின் மேல் நிற்கும் கரியின் குறுக்குப் பரப்பை வேகத்தாலும், 3600-ஆலும், கன மீட்டர் எடையாலும் பெருக்குங்கள். 0.04 சதுர மீட்டர், வினாடிக்கு 1.25 மீட்டர், கன மீட்டருக்கு 0.8 டன் என்றால் மணிக்கு 144 டன். இதில் முக்கால் பங்கைத்தான் நம்பலாம். அதற்கு மேல் தேவையென்றால் பலர் முதலில் வேகத்தைக் கூட்டுவார்கள். அது தப்பு, தூசியும் சிந்தலும் கூடும், பெல்ட்டும் சீக்கிரம் தேயும். பெல்ட்டைக் குழிவாகத் தாங்கும் பக்க ரோலர்கள் 20 டிகிரி சாய்வில் இருந்தால் 35 டிகிரிக்கு மாற்றிப் பாருங்கள். ஆனால் பெல்ட் அந்த அளவுக்குக் குழிந்து உட்காருமா, மோட்டாரும் கியர்பாக்ஸும் தாங்குமா என்று பார்த்த பிறகு மாற்றுங்கள். ஏற்றம் 18 டிகிரியைத் தாண்டினால் கரி பின்னோக்கி உருளக்கூடும்.

கரி கை மாறும் இடம்

ஒரு பெல்ட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கரி விழும் ஷூட்தான் யார்டின் நோய் முழுவதும் தொடங்கும் இடம். விழும் உயரத்தைக் குறைப்பதே முதல் மருந்து. ஷூட்டின் அடித்தகடு தரையிலிருந்து 60 டிகிரிக்குக் குறையாத சரிவில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் நனைந்த தூள் ஒட்டி அடைத்துக்கொள்ளும். பிறகு ஆளை விட்டுக் கம்பியால் குத்த வேண்டிவரும், விபத்து நடப்பது அப்போதுதான். உள்ளே வழுக்கும் லைனர் போடுங்கள். போல்ட் தலை வெளியே நீட்டினால் கரி அங்கேயே பிடிக்கும்.

கரி விழும் இடத்துக்கு அடியில் ரப்பர் வளையம் போட்ட ரோலர்களை 300 முதல் 450 மி.மீ. இடைவெளியில் நெருக்கமாக வையுங்கள். மற்ற இடத்தில் ஒரு மீட்டருக்கு ஒன்று, திரும்பும் பக்கம் 3 மீட்டருக்கு ஒன்று போதும். கரி பக்கவாட்டில் சிந்தாமல் தடுக்கும் ஸ்கர்ட் ரப்பர் பெல்ட்டின் அகலத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு நீளம் இருக்கட்டும். பழைய பெல்ட் துண்டை ஸ்கர்ட்டாக மாட்டாதீர்கள். அதில் உள்ள துணி, ஓடும் பெல்ட்டை அறுக்கும்.

பெல்ட் ஒருபக்கம் ஓடினால் உடனே ரோலரைத் தட்ட வேண்டாம். டெயில் புல்லியில் (பெல்ட்டின் பின்முனை உருளையில்) கரி ஒட்டியிருக்கிறதா, ஜாயின்ட் கோணலா, கரி நடுவில் விழுகிறதா என்று வரிசையாகப் பாருங்கள். மூன்றும் சரியென்றால், ஓடிப்போகும் இடத்துக்கு முந்தைய ரோலர்களைக் காலி ஓட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். ரோலரின் எந்த முனையைப் பெல்ட் முதலில் தொடுகிறதோ அந்தப் பக்கமே அது போகும்.

அவசரத்துக்கு நிறுத்தும் இழுகயிறு இருபுறமும் வேண்டும். எச்சரிக்கைப் பலகை தமிழில் மட்டும் போதாது. லோடர் ஓட்டுபவர் சூளூர்ப்பேட்டைக்காரராக இருப்பார், ஹெல்ப்பர் ஒடிசாவோ பீகாரோ. தெலுங்கிலும் இந்தியிலும் எழுதுங்கள்.

குவியல் ஏன் தானாகப் பற்றுகிறது

டிப்பர் கொட்டும்போது பெரிய கட்டிகள் உருண்டு அடிவாரத்தில் சேரும், தூள் நடுவில் தங்கும். கட்டிகளுக்கு நடுவே காற்று நுழைந்து தூளைத் தொட்டுச் சூடாக்கும். சூடான காற்று மேலே ஏற, அடியில் இன்னும் காற்று உள்ளே இழுபடும். அடுப்பு ஊதுகிற வேலையைக் குவியலே செய்துகொள்கிறது. இந்தோனேசியக் கரி போன்ற இளங்கரியில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

அதனால் கூம்பாகக் கொட்டி விடாதீர்கள். அரை மீட்டருக்கு மேற்படாத அடுக்குகளாகப் பரப்பி, டோசரோ லோடரோ ஏறி மிதிக்கட்டும். ஓரங்களும் வண்டி ஏறும்படி சாய்வாக இருக்கட்டும். முதலில் வந்த கரி முதலில் போக வேண்டும். மூலையில் மறந்துபோன பழைய குவியல்தான் புகையும். முனை கூராக்கிய இரும்புக் குழாயைச் செருகி, உள்ளே தெர்மோகப்பிள் என்ற வெப்பமானிக் கம்பியை விட்டு வாரம் இருமுறை வெப்பம் பாருங்கள். 50 டிகிரி தாண்டினால் தினமும் பார்க்க வேண்டும். 70-ஐ நெருங்கினால் அன்றே தோண்டி எடுத்து, மெல்லியதாகப் பரப்பி ஆற வையுங்கள். சூடான இடத்தில் மேலிருந்து ஹோஸ் பிடிப்பது வீண். தண்ணீர் தனக்கு ஒரு வழி பிடித்து இறங்கிவிடும், அதே வழியில் பிறகு காற்றும் போகும். காற்று வீசி வரும் பக்கம் நின்று தோண்டுங்கள், புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும்.

மழைத் தண்ணீர்

ஒரு ஹெக்டேர் யார்டில் 100 மி.மீ. மழை என்றால் 1,000 கன மீட்டர் தண்ணீர். அதில் 70 விழுக்காடு ஓடி வந்தால் 700. 20 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழத்தில் இரண்டு வண்டல் தொட்டிகள் இதைப் பிடிக்கும். இது சாதாரண நாள் கணக்கு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலைப் பார்த்தவர்கள் இரட்டிப்பாகவே போடுவார்கள். வெளித் தண்ணீர் உள்ளே வராமல் கரை கட்டுவது, தொட்டியைப் பெரிதாக்குவதைவிட மலிவு. பழவேற்காடு பக்கம் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும், தோண்டாமல் கரை உயர்த்தி, அடியில் தார்ப்பாயைவிடக் கெட்டியான எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் ஷீட் விரியுங்கள். ஜேசிபி இறங்கிச் சேறு அள்ள ஒரு சரிவுப் பாதை விடுங்கள். வெளியேறும் நீரில் மிதக்கும் துகள் லிட்டருக்கு 100 மி.கி.க்குள், பிஎச் 5.5 முதல் 9 வரை இருக்க வேண்டும்.

கொள்ளளவு கூட்டினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் புதிதாகத் தேவை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திர வாரியம், இந்தப் பக்கம் தமிழ்நாடு வாரியம்.

மூடும் வரிசை

கடைசிக் கரி போன பிறகு, ஹாப்பர் (கரி கொட்டும் பெரிய புனல்), ஷூட், நடைபாதை எல்லாவற்றையும் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கழுவாமல் கேஸ் கட்டிங் வைத்தால், மூலையில் தங்கிய தூளும் பெல்ட்டும் பற்றும். மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போடுங்கள். பெல்ட்டை அறுப்பதற்கு முன் பெல்ட்டை விறைப்பாக இழுத்துப் பிடிக்கும் எடையைக் கிரேனில் தாங்கி இறக்குங்கள், ஏற்றத்தில் இருக்கும் பெல்ட்டைக் கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். இரண்டில் எதை மறந்தாலும் உயிர் போகும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையை நனைத்து, உடைக்காமல் முழுசாகக் கழற்றுங்கள். ஹாப்பரில் கதிரியக்க அளவுமானி இருந்தால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வழிப்படிதான் போக வேண்டும், பழைய இரும்புக் கடைக்கு அது போய்விடக் கூடாது.

அடித்தளங்களைத் தரைக்கு ஒரு மீட்டர் கீழ் வரை உடைத்தால் பின்னால் ஏர் இடிக்காது.

மண்

20 மீட்டருக்கு ஒன்றாகக் குழி தோண்டி, கறுப்பு அடுக்கு எவ்வளவு ஆழம் என்று அளந்து, அதுவரை சுரண்டி எடுங்கள். கரி கலந்த இந்த மண்ணைச் சலித்தால் ஒரு பங்கு எரிக்கத் தேறும். பிறகு லோடர் மிதித்து இறுகிய தரையைக் கொழு கொண்டு அரை மீட்டர் ஆழம் கீறுங்கள். இதை விட்டுவிட்டு மேலே நல்ல மண்ணைக் கொட்டினால் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். மேல்மண் 30 செ.மீ.யாவது வேண்டும். அனுமதி வாங்கி எடுத்த ஏரி வண்டல் இதற்கு நன்றாக இருக்கும்.

உப்பும் பிஎச்சும் சோதித்த பின், ஆடி கழிந்து கிடைக்கும் மழையில் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுங்கள். அது உப்பைத் தாங்கும். ஐப்பசியில் புங்கம், வேம்பு, பூவரசு நடலாம்; மணற்பாங்கான இடத்துக்குச் சவுக்கு. சீமைக்கருவேலம் தானாக வந்துவிடும், முளையிலேயே பிடுங்குங்கள்.

வண்டல் தொட்டிகளை மட்டும் உடனே தூர்க்காதீர்கள். செடி பிடித்து மண் அரிப்பு நிற்கும் வரை, குறைந்தது இரண்டு மழைக்காலம், அவை இருக்கட்டும். இரண்டாம் மழையிலும் தெளிந்த நீர் வந்தால், அடிச் சேற்றை அள்ளி, ஷீட்டை எடுத்து, கடைசியாக அவற்றை மூடுங்கள்.