கை தேடும் நேரங்கள்: சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறுகிறவர்களுக்கு

லண்டனில் ஆறு வாரம் ஒரு சிகரெட்டும் தொடாமல் வேப்போடு, அதாவது மின்சிகரெட்டோடு, சமாளித்தவன் நான். யாழ்ப்பாணம் வந்து மூன்றாம் நாள் பின்னேரம், கொக்குவிலில் பழைய தேத்தண்ணிக் கடையில் ஒரு ஒற்றைச் சிகரெட் வாங்கிப் பத்தினேன். யாரும் வற்புறுத்தவில்லை, கவலை ஒன்றும் இல்லை, பொக்கற்றுக்குள் நிக்கொட்டின் சுவிங்கம்கூட இருந்தது. பிளேன்ரீ வந்தது, வாசல் தூணில் நூலில் கட்டித் தொங்கிய லைற்றர் கண்ணில் பட்டது, கை தானாகப் போனது. பாதி எரிந்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. மிச்சத்தையும் பத்தித்தான் முடித்தேன், அதை ஏன் மறைப்பான்.

அன்றைக்கு விளங்கின விஷயம் இதுதான். நிக்கொட்டின் ஒரு கடன். இடம், நேரம், கூட நிற்கிற ஆள், விரலுக்கு இருக்கிற பழக்கம் எல்லாம் வேறொரு கடன். வேப் முதல் கடனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட உதவும். இரண்டாவதை ஒவ்வொரு கடையாக, ஒவ்வொரு சந்தியாக நாங்களே போய்க் கட்ட வேண்டும்.

தொடங்க முன் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளிநாட்டிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிக்கிடுகிற பலருக்கு இது தெரியாது. இலங்கையில் 2016 இலிருந்து மின்சிகரெட் விற்பனையும் இறக்குமதியும் தடை. ஆகவே வேப்பை அங்கேயே விட்டுவிட்டு, நிக்கொட்டின் கம் (சுவிங்கம்) அல்லது தோலில் ஒட்டுகிற பேட்ச் எத்தனை நாளுக்குத் தேவை என்று கணக்குப் பார்த்து எடுத்து வாருங்கள். இங்கேயே இருந்து விடப் பார்க்கிறவர்கள் வேப்பைத் தேடி அலைய வேண்டாம், கீழே சொல்கிறவை கம்மோடும் சரிவரும், ஒன்றும் இல்லாமலும் சரிவரும். கதைத்துப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் 1948 என்ற இலக்கத்துக்கு அடியுங்கள், புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையின் உதவி இலக்கம் அது.

விடுவதற்கு முன் இரண்டு நாள் ஒரு வேலை செய்யுங்கள். பெட்டியோடு ஒரு துண்டுக் கடதாசியை ரப்பர் பாண்டால் கட்டி வைத்து, ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் எங்கே, யாரோடு, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று மூன்று சொல் எழுதுங்கள். ரப்பர் பாண்டைக் கழற்றுகிற அந்த எரிச்சலிலேயே ஒன்றிரண்டு குறையும். என் கடதாசியில் ஒரு நாளைக்குப் பதினாறு இருந்தது. அதில் உடம்பு உண்மையாகக் கேட்டது, காலமை எழும்பியவுடன் பத்துவதையும் சேர்த்து, ஐந்தோ ஆறோதான். மிச்சமெல்லாம் பஸ் வரவில்லை, ஃபோன் அடித்தது, சாப்பிட்டு முடிந்தது, அவன் பத்தினான் நானும் பத்தினேன்.

பத்த வேண்டும் என்ற அந்தரம் வரும்போது ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்திருங்கள், அது மூன்று நான்கு நிமிடத்தில் இறங்கிவிடும். முதல் இரண்டு மூன்று நாள்தான் மோசம், அப்புறம் இரண்டு நாலு கிழமைக்குள் உடம்பு அடங்கிவிடும். இடமும் ஆளும் கிளப்புகிற அந்தரம் மட்டும் மாதக் கணக்கில் ஒளித்திருந்து திடீரென்று வரும், அதனால் வந்தவுடன் "நான் தோற்றுப் போனேன்" என்று நினைக்கத் தேவையில்லை.

இனித் தேத்தண்ணிக் கடை. போகாதே என்று சொல்கிறவர் யாழ்ப்பாணத்தில் இருந்திருக்க மாட்டார். போங்கள், ஆனால் வாசலில் நிற்காதீர்கள். உள்ளே போய் லைற்றர் தெரியாத பக்கமாக இருங்கள், சீனி போடாத பிளேன்ரீ எடுத்து, பனங்கட்டியை ஒரு கையில் வைத்துக் கடித்துக் கடித்துக் குடியுங்கள். ஒரு கையில் கோப்பை, மற்றக் கையில் பனங்கட்டி, சிகரெட்டுக்குக் கையே இல்லை. கடைக்காரருக்கும் சொல்லி வைக்கலாம். நான் "அண்ணை, நான் கேட்டாலும் தராதேங்கோ" என்றேன். அவர் சிரித்துவிட்டு "வியாபாரத்தைக் கெடுக்க வந்திருக்கிறாய்" என்றார், ஆனால் அடுத்த கிழமை நான் கேட்டபோது உண்மையாகவே தரவில்லை.

கோப்பி, தேத்தண்ணி பற்றி இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. புகையில் இருக்கிற சில பொருட்கள் ஈரலைத் தூண்டி, கஃபீனை வழமையை விடக் கெதியாகக் கரைக்க வைக்கும். புகையை நிறுத்தியவுடன் அந்த வேகம் இறங்கிவிடும், அதே நாலு கோப்பை அப்போது கூடுதலாக ஏறும். நெஞ்சு படபடக்கும், நித்திரை வராது, விசர் பிடிக்கும், நாங்கள் அதைச் சிகரெட் அந்தரம் என்று நினைத்துப் போய்ப் பத்துவோம். இதைச் செய்வது புகைதான், நிக்கொட்டின் இல்லை, ஆகவே வேப்புக்கு மாறினவர்களுக்கும் இதே கதைதான். முதல் இரண்டு கிழமை கோப்பியைப் பாதியாக்குங்கள். தியோபிலின், குளோசபின், ஒலான்சபின் போன்ற மருந்து எடுக்கிறவர்களுக்கும் இதே காரணத்தால் மருந்தின் அளவு இரத்தத்தில் கூடலாம், விட முன்னமே டொக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு வருவது இலேசானது. கை கழுவிய உடனே பல் தீட்டுங்கள், இல்லாவிட்டால் புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) ஒரு துண்டை வாயில் போடுங்கள். வெளிநாட்டுப் புத்தகங்களில் கரட் கடிக்கச் சொல்வார்கள், கரட் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். புழுக்கொடியல் ஒன்றைச் சப்பி முடிக்கிறதற்குள் அந்தரம் வந்து போயே விடும்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது செத்த வீடு. அங்கே செய்கிறதற்கு வேலை இல்லை, இரவிரவாக விழித்திருக்க வேண்டும், பந்தலுக்குள் கதிரையைப் போட்டு ஆம்பிளைகள் எல்லாம் கடதாசி விளையாடுவார்கள், வெற்றிலைத் தட்டு வரும்போது பக்கத்தில் சிகரெட்டோ சுருட்டோ இருக்கும். துக்கத்தோடு நீட்டுகிற தட்டை எப்படி வேண்டாம் என்பது? சுருட்டு எங்கள் ஊர்ப் பொருள் வேறு, ஒரு காலத்தில் திருவிதாங்கூர்வரை ஏற்றிப் போய் விற்ற புகையிலை. நான் கண்டுபிடித்த வழி, தட்டு வரும்போது வெற்றிலையை மட்டும் ஒரு மரியாதைக்கு எடுத்துக் கையில் வைத்துக்கொள்வது. எடுத்ததும் ஆயிற்று, பிறகு யாரும் உங்களைப் பார்க்கப் போவதில்லை. அதைப் புகையிலையோடு போடத் தொடங்கினால் அது வேறொரு கிணறு, கவனம். அப்புறம் பத்துகிறவர்கள் எழும்பி மதிலடிக்குப் போகும்போது கூடப் போகாமல் தேத்தண்ணி பரிமாறப் போய்விடுங்கள். வேலை செய்கிற கைக்கு அந்தரம் குறைவு, வீட்டுக்காரரும் நல்ல பிள்ளை என்பார்கள்.

கள்ளும் பியரும் முதல் மாதம் வேண்டாம். இதில் எனக்கு வேறு கருத்தே இல்லை. இரண்டாவது கிளாஸோடு தீர்மானம் எல்லாம் பறந்துவிடும்.

கக்கூசு விஷயத்தையும் யாராவது எழுதத்தானே வேண்டும். காலமைச் சிகரெட் இல்லாமல் வயிறு போகாது என்பது பொய் இல்லை, விட்ட புதிதில் மலச்சிக்கல் பலருக்கு வரும். எழும்பியவுடன் இரண்டு கிளாஸ் சுடுதண்ணீர், இரவில் பப்பாசிப்பழம். ஒன்றிரண்டு கிழமையில் பழகிவிடும்.

இனி வெளிநாட்டில் வேப்போடு இருக்கிறவர்களுக்கு. சிகரெட்டைப் போலக் கெதியாக இழுத்தால் ஒன்றும் ஏறாது. மெதுவாக, நீட்டாக, இரண்டு மூன்று செக்கன் இழுங்கள். நிக்கொட்டின் குறைந்த திரவத்தில் தொடங்கி "இது எனக்குச் சரிவராது" என்று திரும்பச் சிகரெட்டுக்குப் போனவர்களைக் கனக்கப் பார்த்திருக்கிறேன். பிரித்தானியாவில் மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம்தான் உச்சம், நிறையப் பத்தினவர்கள் அந்த உச்சத்துக்குக் கிட்டத் தொடங்கிப் பிறகு குறைத்து வருவதுதான் புத்தி. சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு, எரிந்து விரலைச் சுடும். வேப்புக்கு அது இல்லை, விட்டால் சோபாவில் இருந்து நாள் முழுக்க இழுப்பீர்கள். வெளியே போய், பத்து இழுவை, உள்ளே வந்து மேசை லாச்சிக்குள் வைப்பது என்று ஒரு முடிவை நீங்களே போடுங்கள். லாச்சிக்குப் பூட்டு இருக்கட்டும், அந்தத் திரவம் சின்னப் பிள்ளைகளுக்கு நஞ்சு. ஒருபோதும் பத்தாதவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம், வேப் நல்ல பொருள் இல்லை, புகையை விடக் கெடுதி குறைந்த பொருள், அவ்வளவுதான்.

கம் எடுக்கிறவர்கள் அதைச் சாதாரண சுவிங்கம் மாதிரிச் சப்பினால் விக்கலும் நெஞ்செரிவும்தான் மிச்சம். நாலைந்து தரம் மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்குள் ஒதுக்கி வையுங்கள், காரம் போனதும் திரும்ப மெல்லுங்கள். கோப்பியோ சோடாவோ குடித்துப் பதினைந்து நிமிடம் கழித்துத்தான் வாயில் போட வேண்டும், இல்லாவிட்டால் நிக்கொட்டின் சரியாக உறிஞ்சாது. தேத்தண்ணிக் கடையில் என் பொக்கற்றில் இருந்த கம்மை, கடை வாசலை மிதிக்க முன் போட்டிருக்க வேண்டும், நான் போடவில்லை.

"ஒரு நாளைக்கு ஒன்றுதானே, மிச்சம் வேப்" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு நாளைக்கு இருபது பத்துகிறவருக்கு இருதய நோய் அபாயம் எவ்வளவு கூடுகிறதோ, ஒன்று பத்துகிறவருக்கும் அதில் ஏறத்தாழப் பாதி கூடும். இருபதில் ஒரு பங்கு என்று மனம் போடுகிற கணக்கு இருதயத்துக்குச் செல்லாது.

தவறிப் பத்திவிட்டால் பெட்டி வாங்காதீர்கள். எங்கே, யாரோடு என்று அதே கடதாசியில் எழுதுங்கள், நான் கொக்குவில் கடையை எழுதின மாதிரி. ஒன்றோடு நின்றால் அது ஒரு சறுக்கல். "போனது போச்சு, இன்றைக்கு முழுக்கப் பத்துவோம், நாளைக்குப் பார்ப்போம்" என்பதுதான் ஆளை விழுத்துவது.

கனவும் வரும். வாய் நிறையப் புகையோடு எழும்பி, அய்யோ பத்திவிட்டேனே என்று இருட்டில் குற்ற உணர்வோடு இருப்பீர்கள். பயப்பட வேண்டாம், விட்டவர்கள் பலருக்கு வருவதுதான். எனக்குப் போன கிழமையும் வந்தது. கனவிலும் அதே கடை, அதே நூல், லைற்றர் மட்டும் பற்றவில்லை.