தட்டைத் திரைக்கு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அச்சகங்களுக்கும் தட்டச்சு மையங்களுக்கும் கணினி பொருத்திக் கொடுப்பது என் தொழில். பிக்சர் டியூப் மானிட்டரை விட்டுத் தட்டைத் திரைக்கு மாறுகிறவர்கள், முன்பு மாறியவர்கள் செய்த தவறுகளையே மீண்டும் செய்வதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். பில்லையும் வாரண்டி அட்டையையும் பத்திரப்படுத்தச் சொல்லி யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கணினியைப் பார்க்காமல் திரையை வாங்குவது

பிக்சர் டியூபில் ரெசொல்யூஷனை, அதாவது படத்தில் குறுக்கும் நெடுக்கும் உள்ள பிக்சல் எனும் புள்ளிகளின் எண்ணிக்கையை, 800 × 600 என்று வைத்தாலும் 1024 × 768 வைத்தாலும் எழுத்து ஏறத்தாழ ஒரே தெளிவோடு தெரியும். தட்டைத் திரை அப்படியன்று. 1920 × 1080 என்று குறிப்பிடப்பட்ட திரையில் அத்தனை பிக்சல்களும் தயாரிக்கும்போதே நிலையாக அமைக்கப்பட்டுவிடுகின்றன. கணினியும் அதே அளவில் படத்தை அனுப்பினால்தான் ஒன்றுக்கு ஒன்று பொருந்தும். குறைவாக அனுப்பினால், அக்கம்பக்கத்து நிறங்களைக் கலந்து திரை இடைவெளியை நிரப்புவதால் எழுத்தின் விளிம்பு கலங்கிவிடும்.

ஓர் அச்சகத்தில் 24 அங்குலத் திரையை வாங்கிவந்து பழைய கணினியில் மாட்டினார்கள். அதன் மதர்போர்டில் இருந்த, படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் பகுதி அகலத்திரை அளவு எதையும் தராததால் 1024 × 768 படம் திரை முழுவதும் இழுபட்டு, வட்டமெல்லாம் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலத்தோடு தெரிந்தது. அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த வடிவமைப்பாளர், திருமண அழைப்பிதழில் மணமக்கள் பெயரைச் சூழ்ந்த வட்டம் கண்ணுக்குச் சரியாகப் படும்வரை அதன் அகலத்தைக் குறைத்தார்; அச்சில் அது ஒடுங்கி நின்றது. மங்கலான எழுத்தில் விடுபட்ட மெய்யெழுத்துப் புள்ளிகளும் மெய்ப்புப் பார்த்தவர் கண்ணுக்குத் தப்பியதால், அட்டைகளைக் கட்டுக்கட்டாகத் தூக்கி எறிய நேர்ந்தது. "உங்கள் கணினி இந்த அளவைத் தருமா?" என்று விற்றவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இத்தனை நட்டமும் இல்லை. கேட்காமல் விற்கும் இந்த வழக்கம் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது.

ஆகவே, கிராபிக்ஸ் கார்டும் அதை இயக்கும் மென்பொருளான டிரைவரும் அந்த அளவைத் தருகின்றனவா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். தராவிட்டால், கார்டையோ கணினியையோ மாற்றும்வரை நன்றாக ஓடும் பழைய மானிட்டரை வைத்துக்கொள்வதே மேல். அளவு சரியாக வந்த பிறகும், எழுத்து சிறியதாக இருக்கிறதென்று ரெசொல்யூஷனைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். விண்டோஸ் அமைப்பில் எழுத்தளவை 125 விழுக்காடாக உயர்த்தினால் தெளிவு கெடாது.

அங்குலத்தை மட்டும் பார்ப்பது

அதே 1920 × 1080 பிக்சல்கள் 22 அங்குலத் திரையில் அங்குலத்துக்குச் சுமார் 100 என்றும், 27 அங்குலத்தில் சுமார் 82 என்றும் அமைகின்றன. நாள் முழுவதும் அருகில் அமர்ந்து எழுத்தைப் பார்க்கிறவருக்குச் சிறிய திரையே நயமாகத் தெரியும்.

நிற வேலைக்கு டிஎன் பேனல்

டிஎன் வகைத் திரையில் பார்க்கும் கோணம் சற்று மாறினாலே நிறமும் மாறித் தெரியும். அது வேண்டாம், கோணம் மாறினாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகையை வாங்குங்கள்.

விஜிஏ கேபிளிலேயே தங்கிவிடுவது

விஜிஏ, படத்தை அனலாக் சிக்னலாக அனுப்பும் பழைய இணைப்பு; அதில் எழுத்து சற்று மங்கக்கூடும். கணினியிலும் திரையிலும் டிஜிட்டல் இணைப்பான எச்டிஎம்ஐ இருந்தால் அதையே மாட்டுங்கள்.

பழைய மானிட்டரைப் பிரிப்பது

பிக்சர் டியூபில் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் அணைத்த பிறகும் தேங்கியிருக்கும்; அதன் கண்ணாடியில் ஈயமும் உண்டு. செம்புக்காக வீட்டில் உடைக்காமல், அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மையத்திடம் முழுதாகவே ஒப்படையுங்கள்.