குறை பின்னங்களில் எது பெரியது?

முக்கால் லட்சம் கடன் உள்ளவரைவிட அரை லட்சம் கடன் உள்ளவர் நிலை மேல். –3/4-ஐவிட –1/2 பெரியது என்பதும் அதே கணக்குதான். எண்கோட்டில் பூச்சியத்துக்கு எது அருகில் இருக்கிறதோ, அந்தக் குறை எண்ணே பெரியது.

முதலில் குறியைச் சரிபாருங்கள். 4/(–7) என்றிருந்தால் –4/7 என்று மாற்றி, கழித்தல் குறியைத் தொகுதிக்குக் கொண்டுவாருங்கள். (–3)/(–5) என்பது குறை எண்ணே இல்லை, அது 3/5. ஒன்று மிகை, மற்றது குறை என்றால் வேலை அங்கேயே முடிந்தது. மிகை எண்தான் பெரியது.

இரண்டும் குறை என்றால் பகுதிகளைச் சமமாக்க வேண்டும். –3/4, –5/6 இரண்டில் 4, 6 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 12. எனவே அவை –9/12, –10/12 ஆகின்றன. இனித் தொகுதிகளை மட்டும் பார்த்தால் போதும்: –10 < –9. ஆகவே –5/6 < –3/4.

குறுக்குப் பெருக்கல் இதைவிட வேகமானது. ஆனால் மதிப்பெண் அதிகம் போவதும் இங்கேதான். 4/(–7), –5/9 இரண்டையும் அப்படியே பெருக்கினால் 4 × 9 = 36, (–5) × (–7) = 35. 36 பெரியது, அதனால் 4/(–7) பெரியது என்று எழுதினால் தவறு. பகுதிகளின் பெருக்கற்பலன் –63. குறை எண்ணால் இருபுறமும் பெருக்கும்போது சமனின்மைக் குறி திரும்பிவிடும். –4/7 என்று மாற்றிய பிறகு பெருக்குங்கள்: –36, –35. இப்போது –5/9 பெரியது என்று சரியாக வரும்.

கலப்புப் பின்னத்தில் இன்னொரு பொறி உண்டு. –2 1/3 என்றால் –(2 + 1/3), அதாவது –7/3. கழித்தலை 2-க்கு மட்டும் கொடுத்து –6 + 1 என்று கூட்டினால் –5/3 வந்து நிற்கும்.

தொகுதிகள் ஒன்றாக இருந்தால் பெருக்கவே வேண்டாம். 3/5 > 3/8 என்பதால் –3/5 < –3/8. –7/8, –8/9 போன்றவற்றில் –1-லிருந்து உள்ள தூரத்தைப் பாருங்கள்: 1/8, 1/9. –1-ஐவிட்டு வலப்பக்கம் அதிகம் தள்ளியிருப்பது –7/8, அதுவே பெரியது.

தசமமாக மாற்றுபவர்கள் முழுமையாக்கிவிடக் கூடாது. –2/3-ஐ இரண்டு இலக்கத்தில் நிறுத்தினால் –0.67 ஆகிவிடும், ஆனால் –67/100-ஐவிட –2/3 பெரியது (–200/300, –201/300).

நான்கைந்து பின்னங்களை ஏறுவரிசைப்படுத்தச் சொன்னால் எல்லாவற்றுக்கும் ஒரே பகுதிதான் சுலபம். –1/2, –2/3, –5/8, –7/12 ஆகியவற்றுக்குப் பொதுப் பகுதி 24. தொகுதிகள் முறையே –12, –16, –15, –14. விடை: –2/3 < –5/8 < –7/12 < –1/2. விடையை 24-இல் விட்டுவிடாமல், கேள்வியில் கொடுத்த வடிவிலேயே எழுதுங்கள்.