கதையில் பிரதிபலிப்பு உத்தி: புதிதாக எழுதுபவர்களுக்கு ஒரு செய்முறை

கதையின் ஓரிடத்தில் நடந்த ஒன்று, இன்னோர் இடத்தில் வேறு ஆள் வழியாகத் திரும்ப நடக்கிறது. படிப்பவர் மனதில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. இதைத்தான் பிரதிபலிப்பு உத்தி என்கிறோம். பாத்திரம், பொருள், பேச்சு என எதை வைத்தும் செய்யலாம். காட்சியை வைத்துச் செய்வது தொடக்கத்தில் எளிது, அதனால் அதையே எடுத்துக்கொள்வோம். இடம் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம்.

முதல் படி: ஒரு காட்சியை முழுதாக எழுதுங்கள்

இரண்டாவது காட்சியைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். நம் கதையில் ஆண்டு 1978. பால்மரம் சீவிய அப்பா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அம்மா உடம்புக்கு முடியாமல் எப்போதோ வேலையிலிருந்து நின்றுவிட்டவள். மகன் சின்னப் பையன். லயத்து வீடு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, வேலையோடு வருவது. வேலைக்கு ஆள் இல்லையென்றால் வீடும் இல்லை. அதைச் சொல்லத் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி வருகிறார்.

"கிராணி சப்பாத்தைக் கழற்றவில்லை. படிக்கு வெளியிலேயே நின்றார். 'மாசக் கடைசிக்குள்ள சாமானை எடுத்துடணும்மா, துரை உத்தரவு' என்றார். அம்மா உள்ளே போய்த் தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வந்தாள். அவர் வாங்கித் திண்ணையில் வைத்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போன பிறகும் கிளாஸ் அங்கேயே இருந்தது. மேலே ஆடை படிவதை மகன் பார்த்துக்கொண்டிருந்தான்."

இரண்டாம் படி: தடயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

இந்தக் காட்சியில் கண்ணுக்குத் தெரிகிற மூன்று விஷயங்கள் இருக்கின்றன: வெளியிலேயே நிற்பது, கழற்றாத சப்பாத்து, தொடாத தேத்தண்ணி. பிரதிபலிக்க வேண்டியவை இவைதான். துக்கத்தைப் பிரதிபலிக்க முடியாது, ஏனென்றால் அது எந்தக் கதையிலும் இருக்கும்.

பால்மரத்தில் முதல் வெட்டின்போது கத்தி பட்டையைத் தாண்டி மரத்தைத் தொட்டுவிட்டால், பிறகு வளர்கிற புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். வருடங்கள் கழித்து அதே பக்கத்தைச் சீவ வருகிறவரின் கைக்கு அது உடனே தட்டுப்படும். முதல் காட்சியிலும் அப்படி ஒரு காயம் விழ வேண்டும். ஆடை படிந்த அந்தக் கிளாஸை நான் கடைசி வரியில் வைத்தது அதற்காகத்தான்.

மூன்றாம் படி: இரண்டை வைத்துக்கொண்டு ஒன்றை மாற்றுங்கள்

அதிகம் பாடுபடவேண்டிய இடம் இதுதான், அவசரப்படாதீர்கள். இப்போது 2004. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தோட்டத்தின் ஒரு பகுதி தாமானாக, அதாவது வீடமைப்புப் பகுதியாக, ஆகிவிட்டது. அந்த மகன் அங்கே வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறான். குடியிருக்கும் பெண் மூன்று மாதமாக வாடகை தரவில்லை. அவன் போகிறான்.

அவள் தே கொண்டுவந்ததும் அவனுக்கு அம்மாவின் ஞாபகம் வந்து வாடகையைத் தள்ளுபடி செய்கிறான் என்று எழுதத்தான் கை போகும். வேண்டாம். கிளாஸைப் பார்த்த நொடியிலேயே வாசகர் அதை எதிர்பார்த்துவிடுவார், கதை நீதி போதனையாகிவிடும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"சப்பாத்தோடு வெளியிலேயே நின்றான். 'ஒண்ணாம் தேதி வேற ஆளு வர்றாங்கக்கா. காலி பண்ணிடுங்க' என்றான். அவள் தே கொண்டுவந்து நீட்டினாள். நின்றபடியே ஊதி ஊதி முழுசாகக் குடித்தான். கிளாஸை அவள் கையிலேயே கொடுத்தான். 'ஒண்ணாம் தேதி' என்று இன்னொரு தடவை சொன்னான்."

மாறியது ஒன்றுதான்: குடித்துவிட்டான். அதை இரக்கம் என்று ஒருவர் படிக்கலாம், கிராணியைவிடக் கொடுமை என்று இன்னொருவர் படிக்கலாம். இரண்டுக்கும் இடம் இருக்கிறது. மூன்றையும் அப்படியே வைத்திருந்தால் வெறும் நகல். மூன்றையும் மாற்றியிருந்தால் முதல் காட்சியே யாருக்கும் ஞாபகம் வராது.

நான்காம் படி: காட்டிக்கொடுக்கும் வரிகளை அடியுங்கள்

"அன்று கிராணி நின்றதைப் போலவே இன்று அவனும்" என்ற மாதிரி ஒரு வரி எங்காவது நுழைந்திருக்கும். தேடி எடுத்துவிடுங்கள். கண்டுபிடிக்கும் சந்தோஷம் வாசகருடையது, அதை நாம் பிடுங்கக்கூடாது. இரண்டு காட்சிகளையும் ஒட்டி வைக்காதீர்கள். நடுவில் லயத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிபோனது, அம்மாவின் கடைசிக் காலம் எல்லாம் வரட்டும். ஆனால் அங்கெல்லாம் தேத்தண்ணியைக் கொண்டுவராதீர்கள். பக்கத்துக்குப் பக்கம் ஆள் குடித்துக்கொண்டிருந்தால் கடைசிக் கிளாஸை யாரும் கவனிக்கமாட்டார்கள்.

பழகிய பிறகு: பாத்திரங்களில்

இதற்குச் சிலப்பதிகாரத்தைத் திரும்பப் படியுங்கள். கண்ணகியின் சிலம்பும் பாண்டிமாதேவியின் சிலம்பும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருக்கின்றன. உடைத்தால் ஒன்றில் மாணிக்கம், மற்றதில் முத்து. கள்வன் என்று கோவலனைக் கொல்லச் சொன்ன அரசன், அந்த ஒரு வேறுபாட்டால் தன்னையே கள்வன் என்று சொல்லி விழுகிறான். கணவனை இழந்து சபைக்கு வந்தவள் ஒருத்தி. அதே சபையில் கணவனை இழப்பவள் இன்னொருத்தி. ஒருத்தி ஊரை எரிக்கிறாள், மற்றவள் அங்கேயே உயிர் விடுகிறாள். யாரும் யாருக்கும் நிழல் இல்லை, இருவருக்கும் தனித்தனிக் குணம் உண்டு. நம் கதையில் வாடகை தராத பெண்ணுக்கும் அப்படி ஒன்று வேண்டும். பணம் எங்கே போனது என்று நமக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

எழுதி முடித்ததும் இரண்டாவது காட்சியை மட்டும் தனியாக ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். முதல் காட்சி தெரியாமலே அது அவருக்கு ஒரு காட்சியாக நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் மூன்றாம் படிக்குத் திரும்பிப் போங்கள். அப்புறம், தலைப்பில் "தேத்தண்ணி" என்ற சொல்லைப் போட்டுவிடாதீர்கள்.